ரான்சம்வேர் தாக்குதலைச் சமாளிக்க எங்கள் ஆலை தயாரா என்று எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: ஆம்பூர் கணினிப் பிரிவு

வணக்கம். ஆம்பூருக்கு அருகில் ஒரு நடுத்தரத் தோல் காலணி ஆலையில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் காலணி வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று, வழக்கமான தணிக்கைப் படிவத்துடன் இம்முறை ரான்சம்வேர் (ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் தீயநிரல்) குறித்த கேள்விகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு ஆம், இல்லை என்று குறித்துவிடலாம். ஆனால் தாக்குதல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் வேலையை மீண்டும் தொடங்குவீர்கள், அதிகபட்சம் எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழப்பீர்கள் என்ற இரு கேள்விகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

எங்கள் அமைப்பு இதுதான். ஒரே சர்வரில் கணக்கு மென்பொருளான டேலியும், கட்டிங் முதல் பேக்கிங் வரை ஜாப் கார்டுகளைப் பதியும் உற்பத்தி மென்பொருளும் இயங்குகின்றன. பின்னதன் தரவுகள் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் உள்ளன. இரவுதோறும் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பான ஒரு பேட்ச் ஃபைல், இரண்டின் ஃபோல்டர்களையும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம்) பெட்டிக்கு நகலெடுக்கிறது. அந்த நாஸ் எல்லாக் கணினிகளிலும் இசட் டிரைவாகத் தெரியும். சர்வரில் எப்போதும் செருகியபடி ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. மென்பொருள் கொடுத்த சென்னை நிறுவனத்தார் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) வழியாக இணையத்திலிருந்து நேரடியாக நுழைந்து பழுது பார்ப்பார்கள். "ஆன்டிவைரஸும் பேக்கப்பும் இருக்கின்றன அல்லவா, ஆம் என்று எழுதி அனுப்புங்கள்" என்கிறார் முதலாளி. அப்படி எழுதலாமா?

பதில்: காட்பாடி நெட்வொர்க்

ஐயா, அனுப்ப வேண்டாம். நீங்கள் விவரித்த அமைப்பில் பேக்கப் என்று சொல்லத்தக்கது இன்னும் ஒன்றும் இல்லை. இசட் டிரைவாகத் தெரியும் நாஸையும், செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் ரான்சம்வேர் தன் வேலையின் பகுதியாகவே தேடிப் பூட்டும். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் ஷேடோ காப்பிகளையும் முதலில் அழித்துவிடும். எனவே "பேக்கப் இருக்கிறதா" என்று கேட்காமல், "சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு களவு போனாலும் கைக்கெட்டாத ஒரு நகல் இருக்கிறதா" என்று கேளுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரியானதே; ஆனால் அவற்றுள் ஒன்றாவது கம்பி கழற்றப்பட்டதாகவோ, யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டப்பட்டதாகவோ இருக்க வேண்டும். ஊடுருவியவர்கள் பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில், ஓசையின்றி உள்ளே இருந்த பிறகே பூட்டுவதுண்டு என்பதால், நேற்றைய நகலோடு சில மாதங்களுக்கு முந்தைய நகல்களும் தேவை.

அடுத்தது அந்த ரிமோட் டெஸ்க்டாப். அது பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) இணையத்துக்குத் திறந்துவைப்பது, மெயின் கேட்டைத் திறந்துவிட்டு வாட்ச்மேனையும் வீட்டுக்கு அனுப்புவது போன்றது. அதை இன்றே மூடிவிட்டு, இரண்டாம் அடையாளச் சரிபார்ப்புள்ள (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றும் கேட்கும்) விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக, அவர்கள் கேட்கும் நேரத்தில் மட்டும் திறந்துவிடுங்கள். விபிஎன் மட்டும் போதாது: அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் 2021இல் நுழைந்தவர்கள், அந்த இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாகவே நுழைந்தார்கள். விண்டோஸ் அப்டேட்டுகளையும் பாருங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது.

இனி நீங்கள் கேட்ட இரு கேள்விகள். அவற்றுக்கான விடையை யோசித்து எழுத முடியாது, அளந்துதான் எழுத முடியும். பழைய கணினி ஒன்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, ஆலை நெட்வொர்க்கில் இணைக்காமல், நாஸில் உள்ள நகலை மட்டும் கொண்டு டேலியையும் உற்பத்தி மென்பொருளையும் எழுப்பிப் பாருங்கள். வழக்கமாகப் பேக்கப்பைக் கவனிப்பவர் விலகி நிற்க, இன்னொருவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

பதில்: ராணிப்பேட்டைக் கணக்கர்

மேலே உள்ளவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளான லாகுகளையும் 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் முகவரி தேடிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே செர்ட்-இன், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், வங்கி, சரக்கு முகவர், மென்பொருள் நிறுவனம் ஆகியோரின் எண்களைத் தாளில் அச்சிட்டு, கணக்குப் பிரிவிலும் செக்யூரிட்டி அறையிலும் வையுங்கள். டேலியின் சீரியல் எண்ணும் அதைப் பதிவு செய்த மின்னஞ்சலும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். புதுக் கணினியில் லைசென்ஸை எழுப்ப அவை தேவைப்படும்.

எந்தக் கணினியிலாவது ஃபைல்கள் பூட்டப்பட்டிருக்கக் கண்டால், முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். சில வகைகளுக்கு, ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோலும் பிறரும் 2016இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் இலவசமாகவே சாவி கிடைக்கிறது.

கேள்வி கேட்டவர்: ஆம்பூர் கணினிப் பிரிவு

இருவருக்கும் நன்றி. ரிமோட் டெஸ்க்டாப்பை மூடிவிட்டோம். சென்னைக்காரர்களுக்கு அதில் வருத்தம்தான். சோதனையையும் ஸ்டோர்ஸில் கிடந்த ஒரு கணினியில் செய்து பார்த்தோம். விண்டோஸையும் மென்பொருள்களையும் நிறுவவே நண்பகல் தாண்டிவிட்டது. டேலி, அதன் பிறகு சிக்கலின்றித் திறந்தது. உற்பத்தி மென்பொருள் மட்டும் எழவே இல்லை. நாஸில் அதன் ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் தரவுகள் இருக்கும் முக்கியமான எம்டிஎஃப் ஃபைல் பல மாதங்களுக்கு முந்தைய தேதியில் நிற்கிறது. பேட்ச் ஃபைலோ இரவுதோறும் ஓடி முடிந்ததாகவே காட்டுகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: காட்பாடி நெட்வொர்க்

எஸ்க்யூஎல் சர்வர் இயங்கும்போது தரவுக்கான எம்டிஎஃப், மாற்றங்களின் பதிவுக்கான எல்டிஎஃப் ஃபைல்களைத் தன் பிடியில் வைத்திருக்கும். சாதாரண நகலெடுப்பு அவற்றைத் தொட முடியாமல் தாண்டிச் சென்றுவிடும். அந்தத் தேதியன்று ஏதோ காரணத்தால் எஸ்க்யூஎல் சேவை நிறுத்தப்பட்டிருக்கும், அதனால் அன்று மட்டும் நகல் விழுந்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த பேக்கப் கட்டளையால் இரவில் முழு பேக்கப்பும், பகலில் மணிக்கு ஒருமுறை லாக் பேக்கப்பும் (முந்தைய லாக் பேக்கப்புக்குப் பிறகு நடந்த மாற்றங்களின் நகல்) எடுத்து, அந்த பேக்கப் ஃபைல்களையே வெளியே அனுப்புங்கள். லாக் பேக்கப் எடுக்க, டேட்டாபேஸின் ரிகவரி மாடல் என்ற செட்டிங் "ஃபுல்" என்று இருக்க வேண்டும். நாஸுக்கு இசட் டிரைவை நீக்கிவிட்டு, வேறெங்கும் பயன்படாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை வையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி வாரந்தோறும் மாற்றி, கழற்றியதை ஆலைக்கு வெளியே வைக்க முதலாளியிடம் கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த செலவு அதுதான்.

இவற்றைச் செய்து சோதனையை மீண்டும் நடத்திய பிறகு, கடிகாரம் காட்டிய நேரத்தோடு நெட்வொர்க்கைத் துப்புரவு செய்ய ஆகும் நாள்களையும் சேர்த்துப் படிவத்தில் எழுதுங்கள். நிஜத் தாக்குதலில் எல்லாக் கணினிகளையும் அழித்து நிறுவ வேண்டியிருக்கும் என்பதால், சில மணி நேரம் என்று எழுதினால் தணிக்கையாளர் நம்பமாட்டார். இழப்பு பற்றிய கேள்விக்கு, லாக் பேக்கப்புகள் மணிக்கொருமுறை கைக்கெட்டாத இடத்துக்குப் போனால் மட்டுமே ஒரு மணி நேரம் என்று எழுதலாம். வார ஹார்ட் டிஸ்க் ஒன்றையே நம்பியிருந்தால் ஒரு வாரம் என்றே எழுத வேண்டும். படிவத்துக்குக் கெடு நெருங்கிவிட்டால், இன்றைய நிலையையும் திருத்தம் முடியும் தேதியையும் எழுதி, சோதனைக் குறிப்பின் நகலை இணைத்து அனுப்புங்கள்.