13பி ரோட்டரி விமானம்: மிக்ஸ்சர் செட் பண்ண ஓ2 சென்சாரை நம்பலாமா?

முப்பட்டை:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் என் கராஜிலேயே கட்டிய ஆர்வி-7 என்ற சிறிய விமானம். இன்ஜின் மஸ்டா 13பி ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும்), டர்போ கிடையாது. கியர்பாக்ஸ் 2.85க்கு 1. இதுவரை 62 மணி நேரம் பறந்தாயிற்று. இரண்டு ரோட்டரின் எக்ஸாஸ்ட் பைப்பும் சேருகிற இடத்துக்குக் கீழே ஒரு வைட்பேண்ட் ஓ2 சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்து, பெட்ரோலைப் போல் காற்று எத்தனை மடங்கு என்று காட்டுவது) வைத்திருக்கிறேன். எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் டேபிள் முழுக்க அதன் மீட்டரைப் பார்த்துப் போட்டதுதான்.

போன சனிக்கிழமை நடந்தது இது. ஏறிக்கொண்டிருந்தேன், 4500 அடி தாண்டியிருப்பேன். 12.6-ல் நின்ற மீட்டர் திடீரென்று 16-க்குப் போனது. லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிட்டது என்று மிக்ஸ்சர் நாபை ரிச் (பெட்ரோல் கூடுதல்) பக்கம் திருப்பினேன். இன்ஜின் முன்னைவிட அதிகமாக உதறியது, மீட்டர் 17 காட்டியது. இன்னும் திருப்பினேன், இன்னும் உதறல். பின் ரோட்டரின் இஜிடி (எக்ஸாஸ்ட் புகையின் வெப்பம்) 1620 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 1480-க்கு விழுந்து கிடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. நாபைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பவரைக் குறைத்து, கிளம்பிய ரன்வேயிலேயே இறங்கினேன்.

ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், ட்ரெய்லிங் என்று இரண்டு ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்தால் பின் ரோட்டரின் லீடிங் பிளக்கில் கடுகளவு ஈய மணிகள் இரண்டு, மின்முனையின் இடைவெளியைச் சரியாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ட்ரெய்லிங் பிளக்கிலும் சாம்பல் பூத்திருந்தது. கடைசி 20 மணி நேரம் ஈயம் கலந்த 100 எல்எல் விமானப் பெட்ரோல்தான் ஊற்றினேன். இனி இந்த சென்சாரை வைத்துக்கொள்வதா, கழற்றி எறிவதா?

பழையகை:
முதலில், பத்திரமாக இறங்கினீர்களே, அது போதும் தம்பி.

கழற்றுங்கள் என்பேன். பிளக் அடிக்காதபோது எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தேதான் பைப்புக்குள் வருகின்றன. சென்சாருக்குப் பெரிதாகத் தெரிவது ஆக்சிஜன். அதனால் "லீன்" என்று கத்தும். நீங்கள் பெட்ரோலைக் கூட்டக் கூட்ட, ஏற்கனவே நனைந்த பிளக் இன்னும் நனையும். கூட்டாதே என்று சொல்லவேண்டிய நேரத்தில் கூட்டு என்று சொல்கிற கருவி விமானத்தில் இருக்கக்கூடாது.

நான் ஃப்ளோரிடாவில் 13பி வைத்து 11 வருடமாகப் பறக்கிறேன். எனக்கு இரண்டு இஜிடி, ஒரு ஆர்பிஎம் மீட்டர், ஒரு நாப். நாபை மெதுவாக லீன் பக்கம் திருப்புவேன். இஜிடி ஏறி உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சம் எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, வேண்டிய அளவு ரிச் பக்கம் திரும்பி வருவேன். ரோட்டரியில் கருகிப்போக எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது. டர்போ இல்லாத 13பி அந்தத் தேடலை அமைதியாகத் தாங்கும்.

லாம்டா1:
பழையகை அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன்தான். ஆனால் இதில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மிச்சிகனில் கார் இன்ஜின் காலிபரேஷன்தான் என் வேலை, தினமும் இந்த சென்சார்களோடுதான் புழங்குகிறேன்.

சென்சார் பொய் சொல்லவில்லை. பைப்பில் ஆக்சிஜன் இருந்தது, இருக்கிறது என்றது. அதை "பெட்ரோல் குறைவு" என்று நாம் மொழிபெயர்த்ததுதான் தப்பு. முப்பட்டையின் விமானத்தில் இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஒரே சென்சார். ஒரு ரோட்டர் மிஸ்ஃபயர் (பற்றாமல் போவது), இன்னொன்று சரி என்பதை அந்த ஒரு எண் எப்படிச் சொல்லும்? பைப்புக்கு ஒன்றாக இரண்டு இருந்திருந்தால் முன் ரோட்டர் 12.6-ல் அசையாமல் நின்றிருக்கும், பின்னது மட்டும் எகிறியிருக்கும். கோளாறு பெட்ரோலில் இல்லை, அந்த ஒரு ரோட்டரில் என்று ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

உங்கள் உச்சம் தேடும் முறைக்கு வருகிறேன். உச்சத்துக்கு ரிச் பக்கம் 100 டிகிரி கீழேயும், லீன் பக்கம் 100 டிகிரி கீழேயும் இஜிடி ஒரே எண்தான். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கை அறியலாம், கருவி அறியாது. ரோட்டரியில் பெட்ரோலில் ஒரு பங்கு பைப்புக்குள்ளேயே எரிந்து முடிகிறது. லீடிங் பிளக் கொஞ்சம் பலவீனமானாலே எரிவது தாமதமாகி இஜிடி ஏறிவிடும், மிக்ஸ்சர் இம்மியும் மாறியிருக்காது.

கோவைட்யூனர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் விமானம் தொட்டதில்லை. செட்டிப்பாளையம் ட்ராக்கில் ரேஸ் கார் ட்யூன் பண்ணுகிறவன். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் பைப்பில் அழுத்தம் குறையும், அந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மீட்டர் லீன் என்று காட்டும். முடி அளவு விரிசலுக்காக நாங்கள் இரண்டு நாள் இன்ஜெக்டரைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆர்டிவி சிலிக்கோன் பசை பூசுகிற வழக்கம் இருந்தால் ஓ2 சென்சாருக்குப் பாதுகாப்பு என்று போட்டிருக்கும் டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண சிலிக்கோன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும்.

முப்பட்டை:
நன்றி கோவைட்யூனர். ஸ்லிப் ஜாயின்ட்டைப் புகை விட்டுப் பார்த்தேன், கசிவில்லை.

பழையகை:
லாம்டா1, இரண்டு சென்சார் வைத்தால் இரண்டும் சாகும். கணக்குப் போடுங்கள். 100 எல்எல்-லில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். மணிக்கு 30 லிட்டர் குடிக்கிற இன்ஜினில் மணிக்கு 17 கிராம் வரை. பெட்ரோலில் சேர்க்கிற எத்திலீன் டைபுரோமைடு அதில் பெரும்பங்கை ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும், மீதி பிளக்கிலும் சென்சார் முனையிலும் படியும். சென்சார் ஒரேயடியாகச் செத்தால்கூடப் பரவாயில்லை. மெல்ல மந்தமாகி, நம்பும்படியான தப்பு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் என் பயம்.

வெப்பம் வேறு. பாஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சாருக்குத் தொடர்ந்து தாங்கும் எக்ஸாஸ்ட் வெப்பம் 930 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 1700 சொச்சம். முழு பவரில் ரோட்டரியின் எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் வாயை) ஒட்டி அதையும் தாண்டும்.

லாம்டா1:
வெப்பம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. போர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, பைப்பில் தள்ளிக் கீழே வைக்கவேண்டும். ஈயத்துக்கு என் பதில், ஈயம் இல்லாத பெட்ரோலில் ட்யூன் பண்ணுங்கள் என்பதுதான். 13பி சாதாரண பம்ப் பெட்ரோலில் ஓடப் பிறந்த இன்ஜின். 100 ஆக்டேன் அதற்குத் தேவையே இல்லை. டேபிள் போடும் வாரங்களில் மட்டும் பம்ப் பெட்ரோல், பிறகு சென்சாரைக் கழற்றித் துளையை மூடி போட்டு அடைக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பம்ப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் இருந்தால் சரிசம விகிதம் (காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் விகிதம்) 14.7 அல்ல, 14.1. மீட்டர் 12.5 காட்டினால் உண்மையில் 12. அதனால்தான் லாம்டாவில் (இருக்கும் விகிதத்தைச் சரிசம விகிதத்தால் வகுத்த எண்) பாருங்கள் என்று கெஞ்சுகிறேன். பெட்ரோல் மாறினாலும் 0.85 என்றால் 0.85-தான்.

சென்சார் இல்லாமல் முடியாத இடம் ஒன்று உண்டு. தரையில் த்ராட்டிலைப் பாதி மூடி மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்டேக் குழாயின் காற்றழுத்தம்) 20 அங்குலப் பாதரசம் வைத்து டேபிளின் ஒரு கட்டத்தை ட்யூன் பண்ணுகிறோம். 10,000 அடியில் த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும் அதே 20 அங்குலம் கிட்டேதான் வரும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே கட்டம், ஒரே பெட்ரோல். ஆனால் மேலே எக்ஸாஸ்ட் முனையில் அழுத்தம் 30 அல்ல, 20 சொச்சம். பழைய புகை நன்றாக வெளியேறும், புதுக் காற்று கூடுதலாக நுழையும். தரையில் சரியாக இருந்த கட்டம் மேலே லீன். அந்த வித்தியாசத்தை இன்ஜின் உதறுவதற்கு முன்னால் எண்ணாகக் காட்டுவது வைட்பேண்ட்தான். (மேலே போகப் போக சென்சாரும் ரிச் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.)

பழையகை:
அந்த அழுத்த விஷயம் நான் கையால் உணர்ந்தது, காரணம் இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது. மேலே போகும்போது நாபை ஏன் கொஞ்சம் ரிச் பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது என்று வருடக்கணக்காக யோசித்தேன். சரி, ட்யூன் பண்ண மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் சென்சார் சொல்வதை வைத்து கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற க்ளோஸ்ட் லூப் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை முப்பட்டை கையால் செய்த தப்பை அது நொடிக்கு நூறு தடவை செய்யும்.

லாம்டா1:
உயரம் மாறாமல் சீராகப் பறக்கும் க்ரூஸில் மட்டும், 5 சதவீத வரம்புக்குள் வைத்தால்?

பழையகை:
ஐந்தும் வேண்டாம். காரில் தப்பினால் ஓரங்கட்டி நிறுத்தலாம். இந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லாம்டா1:
கோபம் எதற்கு அண்ணே. சனிக்கிழமைக் கதையை வைத்துப் பார்த்தால் என்னிடமும் அதற்குப் பதில் இல்லை. கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்காத ஓப்பன் லூப்பே இருக்கட்டும்.

முப்பட்டை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். டேங்கை வடித்து, எத்தனால் இல்லாத பம்ப் பெட்ரோல் நிரப்பினேன். புது பிளக் நான்கு. பைப்புக்கு ஒரு சென்சார், போர்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி. நேற்று 6000 அடியில், 5600 ஆர்பிஎம்மில், அசையாமல் பத்து நிமிடம் பிடித்தேன்.

முன் ரோட்டர் 12.4. பின் ரோட்டர் 13.6. பழைய ஒற்றை சென்சார் இதே இடத்தில் 13.0 காட்டி, நான் நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தேன். 62 மணி நேரமும் பின் ரோட்டர் இப்படித்தான் ஓடியிருக்கும் என்று நினைக்கும்போது நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பழையகை:
நாபைத் திருப்பி லீன் பண்ணிப் பார்த்தீர்களா? எந்த ரோட்டரின் இஜிடி முதலில் உச்சம் தொட்டது?

முப்பட்டை:
பார்த்தேன் அண்ணே, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பின் ரோட்டர்தான் முதலில். நாப் இன்னும் நல்ல தூரம் நகர்ந்த பிறகுதான் முன்னது.

பழையகை:
அப்படியென்றால் இரண்டு கருவியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. பின் பக்க இன்ஜெக்டர்களை முன்னுக்கும், முன்னதைப் பின்னுக்கும் மாற்றிப் போடுங்கள். லீன் முன்னுக்கு வந்தால் இன்ஜெக்டர். பின்னாலேயே நின்றால் இன்டேக் குழாய்.

முப்பட்டை:
ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு எண்களோடு வருகிறேன்.