கர்னலில் வரிவரியாக நகரும்போது டைமர் குறுக்கீடு இழுத்துப் போகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நான் எழுதிவரும் ஒரு சிறிய லினக்ஸ் டிரைவரில் ஒரு பிழையை மூன்று இரவுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். கியூஎமு மெய்நிகர் கணினியில் கர்னலை (லினக்ஸின் மைய நிரலை) ஓட்டி, 1234ஆம் போர்ட் வழியாக ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்திருக்கிறேன்.

முதலில் நான் வைத்த எந்த நிறுத்தப்புள்ளியிலும் ஓட்டம் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கர்னல் வேறு முகவரியில் ஏறுவதுதான் காரணம். பூட் கட்டளையில், இந்த முகவரி மாற்றத்தை நிறுத்தும் ‘நோகேஏஎஸ்எல்ஆர்’ சேர்த்ததும் அது தீர்ந்தது. என் டிரைவர் மாட்யூலின் குறியீட்டுப் பெயர்களை, கர்னலோடு வரும் பைத்தான் ஸ்கிரிப்டுகள் ஏற்றித் தருகின்றன. அதுவரை நிம்மதி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கேவிஎம் (மெய்நிகர் கணினியின் நிரலை நிஜச் சிபியுவிலேயே நேரடியாக ஓட்டும் வசதி) இயங்கும்போது, நின்ற இடத்திலிருந்து அடுத்த வரிக்கு நகர்ந்தால், டைமர் குறுக்கீட்டை, அதாவது கடிகாரம் சிபியுவை அவ்வப்போது இடைமறிப்பதை, கையாளும் நிரலுக்குள் போய் விழுகிறேன். நான் யோசித்து நின்ற நேரத்தில் காத்திருந்த குறுக்கீடு, ஓட்டம் தொடங்கிய கணமே பாய்கிறது என்பது என் ஊகம். கேவிஎம் இல்லாமல் ஓட்டினால் வரிவரியாக ஒழுங்காக நகர்கிறது. ஆனால் பிழை தலைகாட்டுவதே இல்லை! இரண்டு சிபியு கோர்கள் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் தொடுவதால் வருகிற பிழை என்று நினைக்கிறேன். ஒரு கோராகக் குறைத்தாலும் அது மறைந்துவிடுகிறது.

கேவிஎம்மை வைத்துக்கொண்டே, வரிவரியாக நகரும்போது மட்டும் குறுக்கீடுகளைத் தடுக்க முடியுமா? அல்லது ஜிடிபியை விட்டுவிட்டு எஃப்டிரேஸ் (கர்னலின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவி), கேசிசான் (இப்படி ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) பக்கம் போவதே மேலா? செய்து பார்த்தவர்கள், உங்கள் கர்னல், கியூஎமு பதிப்புகளையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும். கான்ஃபிக் கோப்பு வேண்டுமென்றால் உடனே தருகிறேன்.