ஸ்லீவ் செய்து ஆறு வருஷத்தில் 20 கிலோ திரும்ப ஏறிவிட்டது: இரண்டாவது ஆபரேஷன் தேவையா?

காவிரிக்கரை:
வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயசு 41, உயரம் 158 செ.மீ. 2019-ல ஸ்லீவ் (எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கற ஆபரேஷன்) பண்ணினப்போ 118 கிலோ. ஒன்றரை வருஷத்துல 76 வரைக்கும் இறங்குச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி இப்போ 96. நின்னுபோன சர்க்கரை திரும்ப வந்து, ஹெச்பிஏ1சி (மூணு மாச சர்க்கரை சராசரி) 7.8. ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் எதுக்களிச்சு வருது, ரெண்டு தலையணை வெச்சுத்தான் தூங்கறாங்க. அமிலத்தைக் குறைக்கிற பேன்டோப்ரசோல் 40 தினமும் போகுது. ஒரு டாக்டர் மினி பைபாஸ் (இரைப்பையைக் கீழ்க்குடலோட இணைக்கிற ஆபரேஷன்)ங்கிறார், இன்னொருத்தர் பழைய முறை பைபாஸ்தான்ங்கிறார், மூணாவது ஆள் எடை குறைக்கிற வார ஊசி போட்டுப் பாருங்கன்னுட்டார். எதை வெச்சு முடிவு பண்றது?

பத்தியம்:
தம்பி, முதல்ல கணக்கு. அக்கா இறக்கினது 42 கிலோ, திரும்பினது 20. கிட்டத்தட்ட பாதி. ரெண்டாவது வருஷத்துக்கு அப்புறம் அஞ்சாறு கிலோ ஏறுறது பலருக்கும் நடக்கும், அதுக்காக யாரும் கத்தி எடுக்க வேண்டாம். பாதி திரும்பினா காரணம் தேடியே ஆகணும். ஆனா அந்தக் காரணம் இரைப்பையிலதான் இருக்குன்னு தேடறதுக்கு முன்னாடியே முடிவு கட்டிடாதீங்க.

ஏழு நாள் வாயில போறது எல்லாத்தையும் நேரத்தோட எழுதச் சொல்லுங்க. டீயும் சேர்த்து. 100 மி.லி. பால், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ சுமார் 100 கலோரி. நாலு டீன்னா 400. அது பையில தங்காது, பசியையும் அடக்காது. ரசம் சாதம், மோர் சாதம், டீயில தோய்ச்ச பிஸ்கட், வாயில கரையற முறுக்கு, மிக்சர் எல்லாம் இதே ரகம். ஸ்லீவுக்குள்ள வழுக்கிக்கிட்டு இறங்கிடும்.

வீட்டிலேயே ஒண்ணு பார்க்கலாம். குழம்பு, தண்ணி எதுவும் இல்லாம வெந்த கோழி 100 கிராம் (சைவம்னா பனீர்) நல்லா மென்னு சாப்பிடட்டும். அதிலேயே வயிறு நிறைஞ்சு மூணு மணி நேரம் பசி எடுக்கலைன்னா ஸ்லீவ் தன் வேலையைச் செய்யுது, கலோரி வேற வழியா வருதுன்னு எடுத்துக்கலாம். 250 கிராம் தாண்டியும் சிரமமில்லாம இறங்குதுன்னா பை விரிஞ்சிருக்கலாம். இது டெஸ்ட்டுக்கு மாற்று இல்லை, டாக்டர்கிட்ட சொல்ல ஒரு தகவல், அவ்வளவுதான். சாப்பிடும்போது தண்ணி குடிக்கிறாங்களான்னும் பாருங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் தண்ணி கூடாதுன்னு சொல்றது, அது சாப்பாட்டை அடிச்சுக்கிட்டு இறங்கிடும்ங்கிறதாலதான்.

அடுத்து மாத்திரைச் சீட்டு. இதை யாரும் எடுத்துப் பார்க்கிறதே இல்லைங்கிறது என் ஆதங்கம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ பயோகிளிட்டசோனோ இன்சுலினோ போனா அதுவே எடையை ஏத்தும். மனச்சோர்வுக்கான மிர்டாசபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ஸ்டீராய்டும் அப்படித்தான். தைராய்டும் பார்த்துடுங்க. சர்க்கரை டாக்டர்கிட்ட கேட்காம நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம்.

லேப்ராஸ்கோப்:
மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் இந்தக் கேஸில் எடையைவிட எதுக்களிப்புதான் முடிவைத் தீர்மானிக்கும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது குறுகலான குழாய். அதற்குள் அழுத்தம் அதிகம், கீழே பைலோரஸ் வால்வு மூடியிருக்கிறது. அழுத்தம் தப்பிக்க இருக்கும் ஒரே வழி மேலே, உணவுக்குழாய்க்குள். அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண் இருக்கிறதா, அமிலம் பட்டுப் பட்டு உள்தோல் மாறிப்போகும் பேரட்ஸ் மாற்றம் இருக்கிறதா, உதரவிதானத்தில் ஓட்டை விரிந்து ஹெர்னியா ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் பயாப்சி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எச். பைலோரி கிருமியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கிவைத்த இரைப்பைக்குள் வழக்கமான எண்டோஸ்கோப் போகாது. அந்தக் கிருமி டெஸ்ட்டுக்கு 2 வாரம் முன்பே பேன்டோப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

பிறகு பேரியம். சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் திரவத்தைக் குடிக்கக் குடிக்க எக்ஸ்ரே எடுப்பார்கள். நல்ல ஸ்லீவ் வாழைப்பழம் போலத் தெரியும். மேல் இடது ஓரத்தில் பலூன் போல ஒரு புடைப்பு நின்றால், முதல் ஆபரேஷனில் ஃபண்டஸ் (இரைப்பையின் மேல் முனை) பகுதி மிச்சம் விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இடுப்பு ஒடிந்த உடுக்கை போல இருந்தால் அங்கே முறுக்கோ சுருக்கமோ. அப்படிச் சுருங்கிய இடத்துக்கு மேலே தேங்குவதுதான் எதுக்களித்து வரும். அதை விட்டுவிட்டு மாத்திரையை இரட்டிப்பாக்குவது வீண். முழுவதும் சீராக விரிந்திருந்தால் கதை வேறு. எண்டோஸ்கோப்பியில் தெளிவாக எதுவும் தெரியவில்லை என்றால் உணவுக்குழாயில் அமிலத்தை அளக்கும் 24 மணி நேர பி.ஹெச். டெஸ்ட்டும், அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் தேவைப்படும்.

இனி, மினி பைபாஸா பழைய முறையா? மினியில் குடலை ஒரே இடத்தில் இரைப்பையோடு இணைக்கிறோம். 150 முதல் 200 செ.மீ. வரை குடலைத் தாண்டி இணைப்பதால் எடை நன்றாக இறங்கும். ஆனால் பித்தநீர் அந்த இணைப்பு வழியாகவே ஓடுகிறது. ஏற்கெனவே எதுக்களிப்பு இருப்பவருக்கு அமிலத்தோடு பித்தமும் மேலே வரலாம். பழைய முறையில், அதாவது ரூ-என்-ஒய் பைபாஸில், சுமார் 30 மி.லி. பிடிக்கும் சின்னப் பை. பித்தநீர் சேரும் இடம் அதற்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கீழே. ஆகவே இந்த அம்மாவுக்கு எதுக்களிப்பு எண்டோஸ்கோப்பியில் உறுதியானால் இரண்டாவது டாக்டர் சொன்னதே என் தேர்வும். ஸ்லீவை மறுபடி ஒடுக்கித் தைப்பது (ரீ-ஸ்லீவ்) இங்கே வேண்டவே வேண்டாம், அழுத்தம் இன்னும் கூடும்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். எதுக்களிப்பு பெரும்பாலும் நன்றாகக் குறையும், சர்க்கரையும் இறங்கும். எடை முதல் தடவை போல 42 கிலோ இறங்காது. அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குள் போனால் ஏமாற்றம்தான்.

ஆபத்து முதல் தடவையைவிட அதிகம். பழைய தையல் கோட்டில் சதை தடித்து, கல்லீரலோடு ஒட்டியிருக்கும். ஸ்டேப்ளரில் தடித்த சதைக்கான பெரிய பின் போட வேண்டும். புதுக் கோடு பழைய கோட்டுக்கு அருகில் இணையாக ஓடினால் நடுவில் மாட்டும் சதைக்கு ரத்தம் போகாது, கசிவு அங்கேதான் தொடங்கும். அதனால்தான் 2019-ஆம் வருட ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எந்த அளவு பூஜி (அளவு பார்த்து வெட்ட இரைப்பைக்குள் விடும் குழாய்) வைத்தார்கள், எங்கிருந்து வெட்ட ஆரம்பித்தார்கள், ஹெர்னியா தைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி டாக்டர். அப்போ ஊசியை விட்டுடலாமா? இன்சூரன்ஸ் ரெண்டாவது தடவைக்குக் கொடுப்பாங்களா?

லேப்ராஸ்கோப்:
எதுக்களிப்பு இல்லாமல் எடை மட்டும் ஏறியிருந்தால் நானும் ஊசியைத்தான் முதலில் சொல்வேன். அந்த வார ஊசிகளில் ஒன்றான டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வாரம் 2.5 மி.கி.யில் ஆரம்பித்து நான்கு வாரம் கழித்து 5, பிறகு தேவைப்பட்டால் மெல்ல 15 வரை. ஆனால் இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், எதுக்களிப்பு கூடலாம். முன்பு கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருப்பவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். பின்னால் ஆபரேஷன் என்று முடிவானால் ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ்: ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த பொது விதிப்படி பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கட்டுப்படாத இரண்டாம் வகை சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருக்க வேண்டும். அக்காவின் பி.எம்.ஐ. 38.5. மருந்து சாப்பிட்டும் சர்க்கரை கட்டுப்படவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் சேர்த்து முன் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். "எடைக் குறைப்பு" என்று மட்டும் எழுதிப் போன கடிதம் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

வார்டு_சிஸ்டர்:
பைபாஸ் முடிவானா ரெண்டு விஷயம், தம்பி. வீட்டுக்கு வந்த முதல் ரெண்டு வாரம் நாடித்துடிப்பைத் தினமும் எண்ணுங்க. உட்கார்ந்திருக்கும்போதே 120-க்கு மேல நின்னா, இடது தோள் வலிச்சா, மூச்சு வாங்கினா, காய்ச்சல் இல்லைன்னாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. கசிவுக்கு முதல் அடையாளம் பல தடவை நாடிதான். அடுத்தது வாந்தி. ரெண்டு மூணு நாள் விடாம வாந்தின்னா பக்கத்து கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லி நீங்களே கேளுங்க. தயமின் குறைஞ்ச உடம்புல குளுக்கோஸ் மட்டும் ஏறினா மூளையையே பாதிக்கும்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் இனி கிடையாது, இணைப்பு இடத்துல புண் வரும். பாராசிட்டமால் போதும். பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட வேண்டாம், ரெண்டு மணி நேர இடைவெளி விடுங்க. இரும்பு மாத்திரையை டீயோட முழுங்கவும் கூடாது.