பிள்ளைக்குச் சைக்கிள் சீட்: முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

திருநெல்வேலி பெருமாள்புரம், இரண்டு வயதுப் பெண்பிள்ளையின் அப்பா:

சீட் வாங்கப் போகிறவர்கள் என்னை மாதிரி இரண்டு தடவை காசைக் கொட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாசம். எடை 11.5 கிலோ. ஆச்சி வீடு சமாதானபுரத்தில். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவளைச் சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. பைக் இருக்கிறது. ஆனால் பைக்கில் ஏறினால் தூங்கிவிடுகிறாள். சைக்கிள் என்றால் வழியில் நிற்கிற ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவாள்.

முதலில் வாங்கியது பாரில் மாட்டுகிற சின்ன சீட். நம்மூர் சைக்கிள் கடைகளில் தொங்குமே, ரெக்சின் மெத்தையும் கால் வைக்க இரண்டு கம்பியுமாக, அதேதான். பழைய சைக்கிளில் பார் நேராக இருக்கும், அந்த சீட் அதற்கென்றே செய்தது. என்னுடையது கியர் சைக்கிள், பார் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். எவ்வளவு முறுக்கினாலும் சீட் மெல்ல வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்துவிடும். இரண்டு முட்டியையும் தவளை மாதிரி அகட்டி வைத்து மிதித்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் நாள் தெருமுனையில் திரும்பும்போது மகள் வலது கைப் பிரேக்கை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டாள். அது முன் சக்கரத்துப் பிரேக். சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நடை வேகம்தான் என்பதால் காலை ஊன்றித் தப்பித்தேன். அவள் "இன்னொருக்க" என்றாள். அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம் பின்சீட்டுக்கு வந்தேன். இதில் இரண்டு தினுசு. ஒன்று, கேரியர் மேல் உட்காருவது. இன்னொன்று, நம் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் கிளாம்ப் போட்டு, அதிலிருந்து வளைந்து வரும் இரண்டு கம்பியில் நிற்பது. கம்பி வகை கொஞ்சம் ஆடிக் கொடுக்கும். பள்ளத்தில் இறங்கினால் இடி முழுக்கப் பிள்ளையின் முதுகுக்குப் போகாது. நம்ம ரோட்டுக்கு இதுதான் சரி என்று நெட்டில் பார்த்தால், 28 முதல் 40 மி.மீ. வரையுள்ள உருண்டைக் குழாய்க்கு மட்டும் என்று போட்டிருந்தது. குழாயின் குறுக்களவை எப்படி அளப்பது? நான் வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் கடை அண்ணாச்சி ஒரு நூலை எடுத்துக் குழாயை ஒரு சுற்றுச் சுற்றினார். நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் நீட்டிப் பிடித்தார். 10 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் 31.8 மி.மீ. "பொருந்தும். கேபிள் ஓடுத எடத்துல மட்டும் கிளாம்பைப் போட்டு நசுக்கிராதீங்க" என்றார். அவர் சொல்லாவிட்டால் அதைத்தான் செய்திருப்பேன்.

கேரியர் வகைதான் வேண்டும் என்கிறவர்கள் கேரியரைக் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். 25 என்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சீட்டுக் குழாயில் மட்டும் பிடித்துக்கொண்டு, சக்கரத்து அச்சுப் பக்கம் கால் ஊன்றாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர்கள் இப்போது நிறைய வருகின்றன. அதில் டிபன் பாக்ஸ் வைக்கலாம்.

சரி, நான் சொல்ல வந்ததே கால் விஷயம். எனக்கு ஆறு வயதிருக்கும். தாத்தா என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் போனார். வழியில் தாமிரபரணியை எட்டிப் பார்க்கிறேன் என்று உடம்பைத் திருப்பினேன். வலது கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. தாத்தாவுக்கு ஏன் மிதி இறுகுகிறது என்று புரியவில்லை, இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார். குதிகாலில் தோல் உரிந்து, பிறை மாதிரி ஒரு தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. சாகும்வரை அவர் அந்தக் காலைப் பார்க்கவே மாட்டார்.

அதனால் எந்த சீட்டை எடுத்தாலும் நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது கால் வைக்கும் இடத்தைத்தான். கால் பதிய ஆழமான கிண்ணம் மாதிரி இருக்கிறதா, புறங்காலுக்கு மேல் வார் உண்டா, கிண்ணத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் மறைப்பு இறங்கி வருகிறதா, பிள்ளை வளர வளர உயரத்தை மாற்ற முடியுமா. இத்தனையும் இருந்தால்தான் விலையே கேட்பேன். நான் பார்த்த ஒன்றில் மெத்தை பஞ்சு பஞ்சாக, கார்ட்டூன் படமெல்லாம் போட்டு அழகாக இருந்தது. கால் வைக்க வெறும் கம்பி. கேட்டதற்குக் கடைக்காரர், "பிள்ளைய மடக்கி ஒக்காரச் சொல்லுங்க" என்றார்!

இன்னொன்று யாரும் சொல்லித்தரவில்லை. நம் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால், பின்னால் உட்காரும் பிள்ளையின் விரல் நேராக அங்கேதான் போகும். நாம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும். பழைய ட்யூபைக் கிழித்து இரண்டு ஸ்பிரிங்கையும் சுற்றிக் கட்டிவிட்டேன்.

திருநெல்வேலி டவுன், மூன்று வயதுப் பையனின் அம்மா:

அண்ணாச்சி, முன்சீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே! பிள்ளை பிரேக்கைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் முதுகுச் சாய்மானமும் வாரும் காலுக்குக் கிண்ணமும் உள்ள முன்சீட்டும் இருக்கிறது. பையன் ஒன்றரை வயதாக இருந்தபோது அதில்தான் ரத வீதி முழுக்கச் சுற்றினேன். என்ன செய்கிறான் என்று கண்ணெதிரே தெரியும். கல்லை வாயில் போடுவதிலிருந்து செருப்பைக் கழற்றி எறிவதுவரை உடனே பிடித்துவிடலாம். பின்னால் இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு செருப்பு இல்லை என்றே தெரிகிறது.

முன்சீட்டுக்கு ஆயுள் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய அளவுகோல்படி முன்சீட் 15 கிலோ வரைக்கும்தான், பின்சீட் 22 கிலோ வரைக்கும். அதற்கு முன்பே அவன் தலை வளர்ந்து என் தாடையில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது பின்சீட்தான்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று. பின்னால் சாய்மானமுள்ள சீட் வந்துவிட்டால் ஆண்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரி காலைப் பின்பக்கமாக வீசி ஏற முடியாது. வீசினால் பிள்ளை முகத்தில் உதை. என் வீட்டுக்காரர் முதல் நாள் பாருக்கு முன்னால் காலை மடக்கிப் போடப் பார்த்து, வேட்டி சிக்கி, சைக்கிளோடு சுவரில் சாய்ந்து நின்றார். அதனால் பையனை ஏற்றும் வேலை இப்போது என் லேடீஸ் சைக்கிளுக்குத்தான். தாழ்ந்த பார், இறங்கினால் இரண்டு காலும் தரையில் இருக்கும். சேலை கட்டுகிறவர்கள் பின் சக்கரத்துக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். அது முந்தானைக்கும் காவல், பிள்ளை காலுக்கும் காவல்.

கல்லிடைக்குறிச்சி, தாத்தா:

பெருமாள்புரம் தம்பி எழுதியதைப் படித்ததும் என் குதிகாலையே தடவிப் பார்த்துக்கொண்டேன். என் மூன்று பிள்ளைகளும் பிரம்பு சீட்டில் வளர்ந்தவர்கள்தான். ஹேண்டில்பாரில் இரண்டு கொக்கியில் மாட்டும் குட்டி நாற்காலி. வார் கிடையாது. என் துண்டைத்தான் இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவேன். அன்றைக்கு அம்பை ரோட்டில் மாட்டு வண்டிதான் அதிகம். இன்றைக்கு அதே ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போகிறது. பேரனைப் பிரம்பு சீட்டில் வைக்க மகள் சம்மதிக்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

எனக்கு நடந்தது ஓடும்போது இல்லை, நிற்கும்போது. டீக்கடை வாசலில் பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பெரியவனை சீட்டிலேயே விட்டு, சில்லறை கொடுக்க இரண்டடி எடுத்து வைத்தேன். மணல் தரை. ஸ்டாண்ட் பைய இறங்கியது. திரும்புவதற்குள் சைக்கிளும் பையனும் கீழே. உதடு கிழிந்து இரண்டு தையல். டீக்கடைக்காரர் ஒரு வாரம் என்னிடம் காசு வாங்கவில்லை, எனக்கு அங்கே போகவும் பிடிக்கவில்லை. பிள்ளை ஏறுவது கடைசியில், இறங்குவது முதலில். நடுவில் எதற்காகவும் கையை எடுக்கக் கூடாது. இரண்டு காலுள்ள நடு ஸ்டாண்ட் போட்டிருந்தாலும் இதேதான்.

பணகுடி, பள்ளிக்கூட ஆசிரியை:

உங்கள் ஊரில் வெயில்தான் தொல்லை. எங்களுக்குக் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்குத்தானே இங்கே இத்தனை காற்றாலை நிற்கிறது. உயரமான சாய்மானமுள்ள பின்சீட் அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரி. எதிர்க்காற்று என்றால் கால்தான் வலிக்கும். பக்கக் காற்றுதான் பயம். கட்டட மறைவு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் சைக்கிள் ஒரு அடி தள்ளிப்போய் நின்றது. அப்புறம் இறங்கி வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தேன். மகள் பின்னாலிருந்து "ஓட்டுங்கம்மா" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். ஆடி முடியும்வரை சீட்டைக் கழற்றி வைத்துவிடுவேன். சீக்கிரம் கழற்றி மாட்ட முடிகிற கிளாம்ப் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

புதிதாக மாட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் நாள் பிள்ளையை ஏற்றாதீர்கள். 10 கிலோ அரிசிப் பையை வாரால் இறுக்கிக் கட்டி ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது பின்பக்கம் எப்படி இழுக்கிறது, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று கைக்குப் பழகும். நான் அரிசிப் பையோடு ஒரு தடவை விழுந்தேன். பை கிழியவில்லை.

மேலப்பாளையம், எட்டு மாதக் குழந்தையின் வாப்பா:

எட்டு மாசம் ஆகிறது, நன்றாக உட்காருகிறான். இப்போதே வைக்கலாமா? ஹெல்மெட் தேவையா?

பெருமாள்புரத்துக்காரர்:

பாய், கொஞ்சம் பொறுங்கள். சில கம்பெனிகள் 9 மாதம் என்று எழுதுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு வயதுக்குக் குறைந்தால் சைக்கிளிலேயே ஏற்ற வேண்டாம் என்கிறது. வீட்டில் பாயில் உட்காருவது வேறு, குலுங்குகிற ரோட்டில் ஹெல்மெட் பாரத்தோடு கழுத்தை நிறுத்துவது வேறு. பிறந்தநாள் முடியட்டும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் அவசியம். பைக்கில் போகிற 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது என்று 2022-இல் விதியே வந்தது. அது மோட்டார் பைக்குக்கான விதி, ஆனால் தலை ஒன்றுதானே. தலையின் சுற்றளவை டேப்பில் அளந்து வாங்குங்கள். முக்கியமாக, ஹெல்மெட்டைப் போட்டு, பிள்ளையை சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். சாய்மானம் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தள்ளித் தலையைக் குனிய வைத்தால் அந்த சீட் வேண்டாம். என் மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. சாய்மானத்தில் தலைக்கு நேரே குழிவு உள்ளதாகப் பார்த்து மாற்றினேன். தூங்கி விழுந்தால் நிறுத்தி இறக்கிவிடுவேன், ஆச்சி வீட்டுக்குப் பாதி வழியில் ஒரு வேப்பமரம் அதற்கென்றே இருக்கிறது. வெயிலில் நிறுத்திய சைக்கிள் என்றால், ஏற்றும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நாள் மகள் தொடையில் சூடு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

டவுன் அக்கா, நீங்கள் சொன்ன வலையை நேற்றே மாட்டிவிட்டேன். அந்த பழைய பார் சீட் பரணில் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் இனாமாகக் கேட்டார்கள். கொடுக்க மனசு வரவில்லை, பழைய இரும்புக்காரர் வரும்போது போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.