மறு: ஊரில் மல்லிச் செடி காய்வது – ட்ரைக்கோடெர்மா போடும் முறை

சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊர்த் தோட்டத்தில் மல்லிச் செடிகள் காயும் படங்களைப் பார்த்துவிட்டு, ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சை, பொடியாக விற்பது) வாங்கப் பணம் அனுப்பலாமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் தோட்டத்தில் இருப்பவர்களிடம் போனில் ஒன்று கேளுங்கள். மஞ்சளிப்பு கொழுந்தில் தொடங்கியதா, அடி இலையிலா? கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கரைத்துத் தெளித்தால் தெளிந்துவிடும். அடி இலை மஞ்சளித்து மேலே ஏறுகிறது, தூரைக் கிளறினால் வெள்ளை இழையும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிகின்றன என்றால் அது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சையால் வரும் வேரழுகல். அந்த உருண்டைகள்தான் வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து மறுபடி முளைப்பவை.

காய்ந்துபோன செடியை ட்ரைக்கோடெர்மா மீட்காது. அதை வேரோடும் அடிமண்ணோடும் எடுத்து எரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடக்கூடாது. மருந்து, சுற்றியுள்ள நல்ல செடிகளுக்குத்தான். இந்தப் பூஞ்சை நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்து உள்ளே போய்த் தின்கிறது. அதற்கு முதலில் மண்ணில் பெருக வேண்டும். பெருகத் தீனி வேண்டும்.

அந்தத் தீனி மக்கிய தொழுவுரம். ஏக்கருக்கு 2 கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடி, 200 கிலோ தொழுவுரம், 20 கிலோ வேப்பம்புண்ணாக்கு. நிழலில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது என்ற பதத்தில் தெளித்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். முதலில் வெள்ளையாகப் படரும், பிறகு பச்சைப் பொடி பூக்கும். 15 நாளில் தயார். செடிக்கு ஒரு கைப்பிடி, தூரைச் சுற்றிக் கொத்தி மூடித் தண்ணீர் விட வேண்டும். மேலாகத் தூவி வெயிலில் விட்டால் வீண்.

பச்சைச் சாணம் ஆகாது. குவியல் சூடேறிப் பூஞ்சை செத்துவிடும். கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஊற்றிய மண்ணிலும் உடனே போடக்கூடாது, 15 நாள் இடைவெளி வேண்டும். அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் கிடையாது. பலர் இரண்டையும் ஒரே வாளியில் கரைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது). அதோடு சேர்த்து உரம் போட, நவம்பர் 10-க்குள் குவியல் போட்டாக வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி பார்த்து, நான்கு மாதத்துக்கு உட்பட்டதாக அந்த வாரத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். இப்போதே வாங்கிப் பம்ப்செட் அறைச் சூட்டில் வைக்க வேண்டாம்.