புதுப்பிப்பு: பிபிஎஃப் ஒட்டிய காரில் வெள்ளைப் புள்ளி

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பிபிஎஃப் (பெயின்ட்டைப் பாதுகாக்க மேலே ஒட்டுகிற ஒளிபுகும் ஃபிலிம்) ஒட்டிய புது காரை எப்போது கழுவினாலும் பானட்டில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதே, ஃபிலிம் மட்டமா என்று. ஃபிலிம் மேல் தப்பில்லை. தண்ணீர்தான்.

எங்கள் வீடு சேலத்தில் சூரமங்கலம் பக்கம், கழுவியது போர்வெல் தண்ணீரில். மேக்னசைட் என்கிற மெக்னீசியத் தாது கிடைக்கிற ஊரில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? தண்ணீர் ஆவியாகும், கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே தங்கிவிடும். வெந்நீர் அண்டாவில் படிகிற அதே வெள்ளைதான்.

இப்போது வெயில் ஏறுவதற்குள், பானட் சில்லென்று இருக்கும்போதே கழுவுகிறேன். ஒரு பக்கம் ஷாம்பு போட்டால் அதை அலசிவிட்டுத்தான் அடுத்த பக்கம். கடைசியாக ஒரு குடம் ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன். ஆர்ஓ கழிவுநீரைப் பயன்படுத்தச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம் அண்ணா, விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பழைய புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரில் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தேன். காயவிடாமல் அலசியதும் பெரும்பாலானவை போய்விட்டன. வெந்நீர் ஊற்றினால் ஃபிலிம் தானே சரியாகிவிடும் என்றார்களே, அது லேசான கீறலுக்கு மட்டும்; படிந்த உப்பு அசையவில்லை.

வலது கண்ணாடிக்குக் கீழே இரண்டு புள்ளி மட்டும் இன்னும் இருக்கின்றன. உப்பு ஃபிலிமையே அரித்துவிட்டது போல. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.