சாக்கெட் 7 காலத்தில் இன்டெல் அல்லாத சிப் போட்டவர்கள் சொல்லுங்கள்

பழைய மதர்போர்டு:
90களின் கடைசியில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியவர்களுக்குத் தெரியும். கொட்டேஷனில் முதலில் பேரம் பேசுவது பிராசஸரைத்தான். இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் மூன்று கம்பெனி சிப்பும் மதர்போர்டில் சாக்கெட் 7 என்ற ஒரே குழியில் உட்காரும். 1997இல் இன்டெல் பென்டியம் 2ஐ ஸ்லாட் 1 என்ற வேறு வகை இணைப்புக்குக் கொண்டுபோனது. அதை வாங்கினால் மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும். கையைக் கடிக்கும் செலவு. எங்களை ஏஎம்டி பக்கம் தள்ளியது அதுதான், அவர்களுடைய கே6 சிப்பின் வேகமல்ல.

என்னுடையது 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் போர்டு. மல்டிபிளையர் ஜம்பர், அதாவது பஸ் வேகத்தை எத்தனையால் பெருக்கி சிப்பை ஓட்டுவது என்று வைக்கும் பின், 3.5 வரைதான். அதில் போய் கே6-2 400 போட்டேன். ஜம்பரை 2இல் வைத்தால் அந்த சிப் அதை 6 என்று எடுத்துக்கொள்ளும்! 66ஐ ஆறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 400. ஏஎம்டிகாரர்கள் பழைய போர்டுக்காரனை மனதில் வைத்தே செய்த வேலை. போர்டு 2.2 வோல்ட் கொடுக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயோஸ் சிப்பின் பெயரைத் தப்பும் தவறுமாகக் காட்டியது, விண்டோஸ் 98 அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குவேக் பிரியன்:
நான் சைரிக்ஸ் கட்சி சார். 6எக்ஸ்86 பிஆர்166+. உள்ளே ஓடியது 133 மெகாஹெர்ட்ஸ்தான், ‘பென்டியம் 166க்குச் சமம்’ என்ற கணக்கில் அந்தப் பெயர். வேர்டு, எக்செல் வரைக்கும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. குவேக் கேமில்தான் உதைத்தது. பென்டியம் தசம வகுத்தலைப் பின்னால் ஓடவிட்டு, அதே நேரத்தில் முழு எண் வேலையையும் பார்க்கும். குவேக்கை அதை நம்பித்தான் எழுதியிருந்தார்கள். சைரிக்ஸின் எஃப்பியூவுக்கு (சிப்பில் தசமக் கணக்குப் பார்க்கும் பகுதி) அந்த வித்தை வராது. சிப்பைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட ஆசைப்பட்டவன் அதை வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பென்சில் 2பி:
பழைய மதர்போர்டு அண்ணா, நீங்கள் ஸ்லாட் 1 பற்றிச் சொன்னதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இன்டெல் தனி வழி போனதால் ஏஎம்டியும் தனக்கென்று ஸ்லாட் ஏ, சாக்கெட் ஏ என்று போக வேண்டியதாயிற்று. 1999இல் அவர்களுடைய அத்லான் சிப் வந்தது. 2000 மார்ச் 6ஆம் தேதி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தார்கள், இன்டெல்லின் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வந்தது 8ஆம் தேதி. சைரிக்ஸ் அதற்குள் வியா கம்பெனி கைக்குப் போய்விட்டது.

நான் வாங்கியது ஏஎம்டியின் டியூரான் சிப். சிலிக்கான் மூடியில்லாமல் அப்படியே வெளியே தெரியும், நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு. கடைப் பையன் ஸ்க்ரூடிரைவரால் ஹீட்சிங்க் கிளிப்பை அழுத்தியபோது ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. “ஓடுதுல்ல சார்” என்றான். ஓடத்தான் செய்தது. அப்புறம் வீட்டில் சிப்பின் மேல் எல்1 என்று போட்டிருந்த இடத்தில் அறுபட்டிருந்த பாலங்களை, அதாவது சின்ன மின் இணைப்புகளை, பென்சிலால் கோடு போட்டு இணைத்தேன், மல்டிபிளையர் பூட்டு திறந்துகொண்டது. 600 மெகாஹெர்ட்ஸை 800க்கு ஏற்றினேன். வெயில் காலத்தில் மட்டும் 750க்கு இறக்கிவிடுவேன்.